சாட்சிப்பூச்சிகள்

சத்தியமங்கலத்திலிருந்து மலைக்குப் போகிற சாலையில் இடப்பக்கம் பிரிந்து, வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் வருகிற ஓலக்காட்டூரில், பெரியதோட்டத்து அண்ணனும் தம்பியும் அப்பன் விட்டுப்போன மூன்று ஏக்கர் சம்பங்கிக் காட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போய், தீர்ப்பு வரும்வரை இரண்டு பேருமே அதில் கால்வைக்கக் கூடாது என்று தடை வாங்கிக்கொண்டு வந்த வருஷத்தில்தான், ராப்பூச்சிகள் மனுஷர் வாயில் தேன் தேட ஆரம்பித்தன.

யாரும் கால்வைக்காத காட்டில் பூப்பறிக்கவும் ஆளில்லை. மற்றக் காடுகளில் சம்பங்கியை விடியும் முன்பே மொட்டாகக் கிள்ளி மூட்டைகட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவதால், அந்தப் பூ முழுசாக விரிந்தால் எப்படி இருக்கும் என்பதையே ஊர் மறந்திருந்தது. அந்த வருஷமோ மழை தப்பாமல் பெய்ய, மூன்று ஏக்கரும் ஒரேயடியாக மலர்ந்து, பொழுது சாயச்சாய வாசம் பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பால் சொசைட்டியைத் தாண்டி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்கட்டத் தெருவரைக்கும் போய் நின்றது. அந்த வாசத்துக்கு மலையிலிருந்து பூச்சிகள் இறங்கின. கட்டைவிரல் பருமன், சாம்பல் நிறம், எதன்மேலும் உட்காராமல் அந்தரத்திலேயே நின்று இறக்கை அதிரக் குடிக்கிற இனம். சுருட்டி வைத்திருக்கும் நாக்கை நீட்டினால் உடம்பைவிட நீளம்.

அவற்றை முன்பே அறிந்தவள் என்று ஊரில் சொல்லப்போனால் மயிலாத்தாள் ஒருத்திதான். இருபத்தாறு வருஷமாகப் பூப்பறிக்கிறவள். தங்களுடைய அரை ஏக்கரிலும், கூப்பிட்டால் பிறர் காட்டிலும், கருக்கலில் போய் மொட்டுக் கிள்ளும்போது, முந்தின நாள் கைதவறி விட்டுப்போன ஒன்றிரண்டு பூ விரிந்து நிற்கும். அதற்குமேல் மணிக்கட்டைக் கொண்டுபோனால், தேன் இருக்கிற பூவென்றால் அதன் வாய்க்கு மேலே நூலளவுக்கு ஒரு ஈரம் தட்டுப்படும். பூச்சி குடித்துவிட்டுப் போன பூவென்றால் வாசம் அப்படியே இருக்கும், அந்த ஈரம் மட்டும் இருக்காது. பூச்சிகளும் அதைத்தான் பார்க்கின்றன என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள். தூரத்திலிருந்து வாசத்துக்கு வரும்; வந்து, பூவுக்கு முன்னால் ஒரு விரற்கடை தள்ளி நின்று, ஈரம் இருந்தால் நாக்கை நீட்டும், இல்லையென்றால் அடுத்த பூவுக்குப் போய்விடும். இதையெல்லாம் யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. சொன்னால் கேட்கவும் ஆளில்லை.

ஆனி மாசத்தில் ஒரு சாயங்காலம் பெரியதோட்டத்து அண்ணனும் தம்பியும் வரப்பில் எதிரெதிரே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி, அப்பனைத் தான்தான் வைத்துக் காப்பாற்றியதாக ஊருக்கே கேட்கக் கத்தினான். அண்ணன் தணிந்த குரலில், "கடைசியா அவரு தண்ணி கேட்டாராமா. நான் பக்கத்துல இல்லாம போயிட்டேன்" என்றான். அப்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு பூச்சி வந்து, தம்பியின் திறந்த வாய்க்கு முன்னால் ஒரு கணம் நின்று, விலகி, அண்ணனின் வாய்க்கு முன்னால் நின்று நாக்கை நீட்டி அவன் உதடுகளுக்கு நடுவே விட்டுக் குடித்தது. அவன் அசையவில்லை. பேச்சை நிறுத்தவும் இல்லை. குடித்து முடிந்ததும் பூச்சி பூவுக்குத் திரும்பிப் போனது. பக்கத்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த மயிலாத்தாளும் இன்னும் ஆறேழு பெண்களும் இதைப் பார்த்தார்கள். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு அண்ணன்காரன், கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது என்றான், அவ்வளவுதான்.

மறுநாள் டீக்கடைக்காரர் வாயில் குடித்தது. அதற்கு மறுநாள் கோயில் வாசலில் புருஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வாயில். ஒரு வாரத்துக்குள், பொழுது சாய்ந்தபின் பேசுகிற எந்த வாய்க்கு முன்னாலும் பூச்சி வந்து நிற்கும், சில வாயில் குடிக்கும், சிலதை விட்டுவிட்டுப் போகும் என்பது, மாலையானால் கோழி அடையும் என்பதுபோல ஊருக்குப் பழகிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், வாய் கொப்பளித்துக்கொள்ளச் சொன்னார். கைக்குழந்தைக்காரிகள் முந்தானையால் பிள்ளை வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள். ஏன் இப்படி என்று கேட்டவர்கள் குறைவு. இதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசித்தவர்கள்தான் அதிகம்.

கோயில் தர்மகர்த்தா அர்த்தனாரிதான் அதற்கு அர்த்தம் சொன்னார். "நெசத்தைப் பேசுனா நிக்குது. பொய்யப் பேசுனா போகுது. இதுல என்ன கொழப்பம்?" அன்றிலிருந்து அவற்றுக்குச் சாட்சிப்பூச்சி என்று பேராயிற்று. பெண் பார்க்க வருகிறவர்களைச் சாயங்காலத்தில் வரச்சொன்னார்கள். "எங்கூட்டுல மகளாட்ட வெச்சுக்குவோம்" என்று சொன்ன மாமியார்க்காரியைப் பூச்சி கண்டுகொள்ளாமல் போக, பலகாரத்தில் நெய் மணக்கிறது என்று சொன்ன மாமனார்க்காரர் வாயில் நின்று குடித்ததில் ஒரு சம்பந்தம் முறிந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் உச்சிவெயிலில் வந்து உச்சிவெயிலிலேயே போனார்கள். புருஷன்மார்கள் ஆறு மணிக்குமேல் வீட்டில் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்தும் கோயில் மண்டபத்திலிருந்து தடைவாங்கிய காட்டின் வரப்போரத்துக்கு மாறியது. ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து, பொழுது சாயும்வரை காத்திருந்து, பிறகுதான் கேள்வியை ஆரம்பிப்பார்கள். 

அப்படிக் கேட்கப்பட்டவர்களில் பொன்னானும் ஒருவன். வாய்க்காலுக்கு அக்கட்டத் தெருக்காரன். கோயில் கிணற்றுக்கு மோட்டார் போட்டுவிடுகிற வேலை. மோட்டாரின் தாமிரக் கம்பி ஒரு ராத்திரியில் காணாமல் போனது. நடுவில் நிறுத்திக் கேட்டார்கள். "நான் எடுக்கலீங்க" என்றான். பூச்சி வந்து நின்றது, போய்விட்டது. மறுபடி சொல்லச் சொன்னார்கள். "சத்தியமா நான் எடுக்கலீங்க." மறுபடியும் வந்தது, போனது. கூட்டத்தில் நின்ற மயிலாத்தாளுக்கு அவன் தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. விழுங்க எச்சில் இல்லாமல் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. கம்பி போன அந்த விடியலில் பூப்பறிக்கப் போகும்போது, மோட்டார் ரூமில் அவன் குளிர்காய்ச்சலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு முனகியதை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். அதைச் சொல்லலாம் என்று ஒரு எட்டு முன்னால் வைத்தாள். ஆனால் ஊர் அதற்குள் பூச்சியை நம்பி முடித்துவிட்டிருந்தது. இவள் சொல்லி, இவள் வாயையும் அது விட்டுவிட்டுப் போனால் என்ன ஆவது என்று பயந்து, வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். பொன்னான் அந்த வாரமே பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனான். ஆடிக் கடைசியில் வேறெங்கோ பிடிபட்ட ஒரு பழைய இரும்புக்காரன் கம்பியைத் தானே எடுத்ததாக ஒப்புக்கொண்டபோது, அர்த்தனாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதை எடுக்காட்டியும் வேற எதாச்சும் எடுத்திருப்பான், அதான் பூச்சி நிக்கல" என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

மயிலாத்தாள் மட்டும் மனசுக்குள் ஒத்துக்கொள்ளவில்லை. பூச்சி உண்மையையும் பொய்யையும் பார்க்கவில்லை, ஈரத்தைத்தான் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பயந்தவன் வாய் காய்ந்துவிடுகிறது. மனசு நிறைந்து பேசுகிறவன் வாயில் ஊறுகிறது. 

அவளுக்கு ஒரே மகள், தாரணி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு, சத்தியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுக் கொடுக்கிற வேலைக்கு தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து லேப்பில் ரத்தம் எடுக்கிற மணிமாறன் வாய்க்காலுக்கு அக்கட்டத் தெருவில் பிறந்தவன். ஆவணி மாசத்து ஒரு புதன்கிழமை காலையில், மயிலாத்தாளும் அவள் புருஷன் சென்னியப்பனும் தங்கள் காட்டில் கிழிந்துபோன சொட்டுநீர்க் குழாயை ஒட்டிக்கொண்டிருந்தபோது, தாரணி டிபன்பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்து நின்று, "அம்மா, போய்ட்டு வாரேன்" என்றாள். மயிலாத்தாள் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றாள். சாயங்காலம் தாரணி வரவில்லை. ராத்திரியும் வரவில்லை. 

மூன்றாம் நாள், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. முக்கால் நிமிஷம். "அம்மா, மைசூர்ல இருக்கறோம். கல்யாணத்தப் பதிவு பண்ணியாச்சு. யாரு கேட்டாலும் சொல்லீராதம்மா." வெளியிலிருந்து வந்த சென்னியப்பன் யாரென்று கேட்டதற்கு, பூ மார்க்கெட்டிலிருந்து என்றாள். பிறகு அந்த எண்ணை அழித்தாள். 

சென்னியப்பனின் அண்ணன் நாச்சிமுத்து அதற்குள் மணிமாறன் வீட்டுக்குப் போய்க் கதவை உடைத்துவிட்டு வந்திருந்தார். அந்த வீட்டில் யாரும் இல்லை. அவருடைய இரண்டு பையன்களும் பிக்கப் வண்டியில் கோபி, அந்தியூர், மேட்டுப்பாளையம் என்று சுற்றினார்கள். ஊரில் யாரும் பெரிதாக எதையும் பேசவில்லை. 'கூட்டிட்டு வரணும்' என்ற ஒரு வார்த்தையைத்தான் எல்லோரும் திரும்பத்திரும்பச் சொன்னார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊரிலும் ஒரு பெண்ணை அப்படித்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த ஒன்பதாம் நாள் வயிற்றுவலி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். சாம்பல் ஆறுவதற்குள் ஊர் வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

பஞ்சாயத்துக்கு நாள் குறித்த அன்று காலையில், விதைக்கிழங்குச் சாக்கைத் திருப்பி எடுத்துவர மயிலாத்தாள் மச்சாண்டார் நாச்சிமுத்துவின் வீட்டுக்குப் போனாள். வாசலில் வண்டி நின்றது. சாக்கு வண்டியில்தான் இருக்கிறது என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார்கள். சீட்டுக்கு அடியில் இருந்ததை இழுத்தாள். அது சிமெண்ட் சாக்கு. உள்ளே இரண்டு கொடுவாள், சாணை பிடித்து எண்ணெய் தடவி, துணி சுற்றி வைத்திருந்தது. இருந்தபடியே உள்ளே தள்ளிவிட்டு, சாக்கு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் வரப்போரத்தில் ஊரே கூடியிருந்தது. சம்பங்கி வாசம் மூச்சு முட்டியது. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்வரை யாரும் பேசவில்லை. முதல் பூச்சி பூவின்மேல் அசைந்ததும் அர்த்தனாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மயிலாத்தா, உன்ற புள்ள எங்கிருக்கறான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

பூச்சி வந்தது. அவள் உதட்டுக்கு முன்னால் ஒரு விரற்கடை தள்ளி நின்றது. இறக்கைக் காற்று மூக்கில் பட்டது. அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பொன்னானின் தொண்டை ஏறி இறங்கியது அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. பூச்சி விலகிப் போயிற்று. கூட்டம் மொத்தமும் மூச்சை வெளியே விட்டது. ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான். மகள் போனதிலிருந்து அவன் யாரிடமும் இரண்டு வார்த்தைக்குமேல் பேசியிருக்கவில்லை.

"பாத்தீங்களா" என்றது ஒரு குரல். 

நாச்சிமுத்து எழுந்து நின்று கையைக் காட்டி அந்தக் குரலை அடக்கினார். ஆறடி ஆள். அவர் வெள்ளை வேட்டி அந்த மங்கலிலும் தெரிந்தது. 

"அம்மிணி, நான் உன்னைய மெரட்ட வரல" என்றார். "தாரணி பொறந்த அன்னைக்கு உம்புருசன் ஆஸ்பத்திரியில இல்ல. காட்டுல தண்ணி மொறை. நாந்தான் மொதல்ல கையில வாங்குனேன். இத்தினியூண்டு இருந்தா. மூணு வயசுல காச்சல் முத்தி இழுப்பு வந்துச்சே, பஸ் இல்ல, வண்டி இல்ல, தோள்ல போட்டுட்டு சத்தி வரைக்கும் ஓடுனேன். ஓடறப்ப அவ மூச்சு என்ற கழுத்துல பட்டுட்டே இருந்துச்சு. நின்னுட்டா எங்க அவ மூச்சும் நின்னுருமோன்னு நிக்காம ஓடுனேன். அது இன்னைக்கும் பட்டுட்டே இருக்குது, அம்மிணி. எனக்கு ரெண்டும் பசங்க. அவதான் எனக்குப் புள்ள."

ஒரு பூச்சி வந்து அவர் வாயில் குடித்தது. அது போகும் முன்பே இன்னொன்று வந்தது. மூன்றாவதும் வந்து, இடத்துக்காகக் காத்து நின்றது. ஒரே வாய்க்கு மூன்று வந்ததை ஊர் அதுவரை பார்த்ததில்லை. பெண்கள் பக்கத்தில் சிலர் அழுதார்கள். யாரோ மயிலாத்தாளின் முதுகைத் தொட்டு, "சொல்லீரு ஆத்தா. அவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு. பூச்சியே சொல்லுதல்ல?" என்றார்கள்.

அவளுக்கும் அழுகை வந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அந்த ஓட்டத்தில் பின்னாலேயே ஓடியவள் அவள். அவர் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு தார் ரோட்டில் ஓடியதைப் பார்த்தவள். மைசூர் என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அப்போது நாச்சிமுத்து கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். வலதுகைக் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. கூர் பார்க்கிறபோது கட்டைவிரலைத்தான் வைத்துப் பார்ப்பார்கள். 

அந்தத் துணியைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை நின்றது. அந்த மனுஷர் தாரணிமேல் உயிரையே வைத்திருக்கிறார். அதே மனுஷர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து வெட்டுவார். வெட்டிவிட்டு, பிணத்தின்மேல் விழுந்து யாரையும்விட அதிகமாக அழுவார். அந்த அழுகையிலும் பூச்சி வந்து குடிக்கும்.

"சொல்றனுங்க" என்றாள் மயிலாத்தாள். "பொய் சொன்னது தப்புதானுங்க. நாந்தான் அவளை ரயிலேத்தி உட்டேன்."

கூட்டம் அசைந்தது. அர்த்தனாரி கையைத் தூக்கினார்.

"புதங்கெழமை. ஈரோடு ஸ்டேசன்ல" என்றாள். நடக்காத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துவிட்டோம், இனி நிறுத்தக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். "டெல்லிக்குப் போற வண்டி. அந்தப் பையனுக்குத் தெரிஞ்சவங்க அங்க ஆஸ்பத்திரியில இருக்கறாங்களாமா, ஊரு பேரு என்ற வாயில நொழையல. தயிர்ச்சோறு கெளறித் தூக்குப்போசியில குடுத்தேன். ஊறுகாய தனியா எலையில கட்டிக் குடுத்தேன், சோத்துல பட்டா அவளுக்குப் புடிக்காது. அவசரத்துல தலைகூடப் பின்னாம வந்திருந்தா. பெஞ்சுல உக்கார வெச்சு நாந்தான் பின்னியுட்டேன். சின்னதுல பின்னுனது. முடி அத்தனையும் கை நெறைய நின்னுச்சு. பூ வெக்கலாம்னு பாத்தா, மடியில ஒரு மொழம் இல்ல. இருவத்தாறு வருசமா ஊருக்கெல்லாம் பூப்பறிச்சேன், என்ற புள்ள போறப்ப தலைக்கு ஒரு மொழம் இல்ல."

உதடுகளுக்கு நடுவே ஏதோ குளிர்ச்சியாக நுழைந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"நீ நாளைக்கு எங்க தூங்குவ, யாரு உனக்குச் சோறு போடுவாங்கன்னு கேட்டேன். பயப்படாதம்மான்னா. வண்டி கெளம்பறப்ப, போய்ட்டு வாரேம்மான்னா. நான் மொகத்தப் பாத்து, அவ கண்ணப் பாத்து, போய்ட்டு வா சாமின்னு சொன்னேன். வராதன்னும் சொன்னேன். எங்கிருந்தாலும் இரு, இங்க மட்டும் வராத கண்ணுன்னேன். வண்டி நகந்துருச்சு. கூடவே நடந்தேன். அப்பறம் ஓடுனேன். அவ ஜன்னல்ல கைய வெச்சிருந்தா. அந்தக் கைய ஒருக்கா தொட்டேன். அப்பறம் பிளாட்பாரம் முடிஞ்சு போச்சுங்க."

அவள் பேசி முடித்தபோது அவள் வாய்க்கு முன்னால் எத்தனை பூச்சிகள் நின்றன என்பதில் பிறகு ஊரில் பல கணக்குகள் இருந்தன. ஐந்து என்றவர்களும் உண்டு, முகமே தெரியாத அளவுக்கு மொய்த்தன என்றவர்களும் உண்டு. அவளுக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது எல்லாம் போய்விட்டிருந்தன; எதிரே நாச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நீயே ஏத்தி உட்டியா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

அர்த்தனாரி சென்னியப்பனைப் பார்த்தார். "சென்னியப்பா, இது உனக்குத் தெரியுமா?"

அந்தப் புதன்கிழமை பொழுது முழுக்கத் தன் பக்கத்தில் மயிலாத்தாள் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தாள் என்பது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். வாயைத் திறந்தான். ஒரு பூச்சி காட்டிலிருந்து கிளம்பி அவனை நோக்கி வந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். பேசாத வாயை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. அன்று முழுக்க அவன் அந்த வாயைத் திறக்கவே இல்லை.

ஊர் அவளை நம்பியது. நம்பியதால் தண்டித்தது. பெற்றவளே துணைபோனாள் என்று, நல்லது கெட்டதுக்கு அந்த வீட்டை யாரும் அழைக்கக் கூடாது, பூப்பறிக்க அவளைக் கூப்பிடக் கூடாது என்று முடிவாயிற்று. நாச்சிமுத்துவின் பையன்கள் டெல்லிக்குப் போய், பாஷை தெரியாமல், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பன்னிரண்டு நாள் அலைந்து, இருமலோடு திரும்பி வந்தார்கள். மறுபடியும் போகவேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நாச்சிமுத்து தம்பி வீட்டு வாசலுக்கு வருவதை நிறுத்தினார். எதிரே வந்தால், தம்பி பெண்டாட்டி போகும்வரை வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் இளைத்துக்கொண்டே போவதை மயிலாத்தாள் கவனித்தாள். அதற்காக அவளுக்கு வருத்தமும் இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து, பொன்னான் வேலைபார்க்கும் செங்கல் சூளைக்குப் போனாள். அவன் மண் மிதித்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கு நீ மோட்டார் ரூம்ல காச்சலோட கெடந்தத நான் பாத்தேன், பொன்னா. பாத்துட்டும் வாயைத் தொறக்காம நின்னுட்டேன்" என்றாள். அவன் மிதிப்பதை நிறுத்தவில்லை. "இப்பச் சொல்லி என்னுங்க ஆகப்போவுது" என்றான். அவன் பெண்டாட்டி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மயிலாத்தாள் அதைக் கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்துவிட்டு வந்தாள்.

தை மாசத்தில் பெரியதோட்டத்து அண்ணனும் தம்பியும் வக்கீலுக்குக் கொடுத்துக் களைத்துப்போய்ச் சமாதானமானார்கள். மூன்று ஏக்கர் சம்பங்கியையும் டிராக்டரை விட்டு உழுது, கிழங்கைப் பொறுக்கியெடுத்து, கரும்புக் கரணை ஊன்றினார்கள். அன்று சாயங்காலம் மலையிலிருந்து நாலைந்து பூச்சிகள் இறங்கிவந்து, உழுத மண்மேல் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டுப் போயின. அதற்கப்புறம் வரவில்லை. இதைவிட அவசியமான ஊருக்குப் போயிருக்கும் என்றார் அர்த்தனாரி. பஞ்சாயத்து மறுபடி மண்டபத்துக்குப் போனது. பெண் பார்க்க வருகிறவர்கள் காலையில் வந்தார்கள். பொழுது சாய்ந்தால் தணிந்த குரலில் பேசுகிற பழக்கம் மட்டும் ஊரில் கொஞ்சகாலம் இருந்து, அதுவும் போயிற்று.

மாசியில் ஒருநாள், மயிலாத்தாளும் சென்னியப்பனும் தங்கள் அரை ஏக்கரில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்துவிட்டது. அவன் மண்வெட்டியால் மடை திருப்பினான். அவள் வரப்பில் உட்கார்ந்து, மறுநாளைக்குப் பூக்கட்ட வாழைநாரைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

"ரயில்ல அவளுக்கு ஜன்னலோரம் எடம் கெடச்சுதா?"

அவள் கை நின்றது. அவன் மடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெடச்சுது" என்றாள்.

"கூட்டமா இருந்திருக்குமே?"

"கூட்டந்தான். ஒரு பொம்பள நவுந்து எடங்குடுத்தா."

தண்ணீர் அடுத்த பாத்திக்குள் நுழைந்து, காய்ந்த மண் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. அவன் மண்வெட்டியை ஊன்றி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான்.

"என்னையக் கேட்டாளா?"

மயிலாத்தாள் நாரைக் கீழே வைத்தாள். இத்தனை மாசமாக அவன் இந்த ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. இதற்கு மட்டும் அவள் கண்ணை மூடிக்கொண்டு எதையும் தேடவேண்டியிருக்கவில்லை.

"கேட்டா" என்றாள். "ரயில்ல இல்லீங்க. போன்ல. போன வைக்கறப்ப சொன்னா, அப்பாவோட பிரசர் மாத்திரை தீந்துருக்கும், பீரோவுல மூணாவது தட்டுல புதுசு வாங்கி வெச்சிருக்கறேன், மறந்துருவாரு, நீ எடுத்துக் குடும்மான்னு. அதான் கடைசியாப் பேசுனது."

பாத்தி நிரம்பி வழிந்து பக்கத்துப் பாத்திக்குள் போயிற்று. அவன் மடையைக் கட்டவில்லை.

"எங்கிருந்து பேசுனா?"

அவள் எழுந்து, ஈரத்தில் கால் புதையப் புதைய அவனிடம் நடந்துபோய், பக்கத்தில் நின்று சொன்னாள். 

"மைசூரா" என்றான் சென்னியப்பன். மலைப்பக்கம் திரும்பி, அந்த மலைக்குப் பின்னால்தானே என்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தான். 

"அங்க வெடியால நல்லாக் குளிருமே" என்றான்.